குதிரை ஏறாத ராணி

குதிரைமேல் ஓர் ஆளை உட்காரவைத்து வெண்கலத்தில் வார்ப்பது லேசான வேலையில்லை. குதிரைக்கு உடம்பு பெரியது, கால்கள் ஒல்லி. பல டன் எடையை அந்தக் கால்கள் தாங்க வேண்டும். முன்னங்கால் இரண்டையும் தூக்கி நிற்கும் குதிரை என்றால் பாரம் முழுவதும் பின்னங்கால்களிலும் வாலிலும் இறங்கும். மாட்ரிட் நகரத்தில் ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப்பின் குதிரைச் சிலை இருக்கிறது. 1640இல் அதை முடித்த சிற்பி பியத்ரோ தாக்கா, எடைக் கணக்குக்குக் கலிலியோவிடம் யோசனை கேட்டார் என்று சொல்வார்கள். பின்பாதியைக் கனமாகவும் முன்பாதியைக் கூடாகவும் வார்த்தால் குதிரை கவிழாது என்பது அந்த யோசனை.

இந்தக் கால் விவகாரத்தைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருடத்துக்கு இரண்டு முறையாவது எனக்கு வந்துவிடுகிறது. குதிரை இரண்டு கால்களையும் தூக்கியிருந்தால் மேலே இருப்பவர் போரில் இறந்தவர், ஒரு கால் தூக்கியிருந்தால் காயம்பட்டுப் பிறகு இறந்தவர், நான்கும் தரையில் இருந்தால் படுக்கையில் இறந்தவர். இதை நம்பி மேடையில் பேசியவர்களையும் கேட்டிருக்கிறேன். அப்படி ஒரு விதியே கிடையாது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பாறைமேல் பாய்ந்து நிற்கும் மகா பீட்டர் 1725இல் நோயில் இறந்தவர். வாஷிங்டனில் 1853இல் வைத்த ஆண்ட்ரூ ஜாக்சன் சிலையில் குதிரை இரண்டு கால்களில் நிற்கிறது. ஜாக்சன் 1845இல் தன் வீட்டில் செத்தார். சாவைப் பொறுத்துக் காலை வார்த்தார்கள் என்பது வசீகரமான பொய். பிரசவத்தில் செத்தவர்களுக்கு அந்தப் பட்டியலில் எந்தக் கால் என்று இதுவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பீட்டரின் சிலையைப் பற்றி நம் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டியது வேறொன்று. அதை வைத்தவர் இரண்டாம் காதரின் என்ற பேரரசி. பீடத்தில் பீட்டரின் பெயரோடு தன் பெயரையும் 1782 என்ற ஆண்டையும் வெட்டச் செய்தார். சிற்பி என்று எல்லோரும் சொல்வது ஃபால்கொனே என்ற பிரெஞ்சுக்காரரை. பீட்டரின் தலையைச் செய்தவரோ அவருடைய மாணவி மரி ஆன் கொல்லோ. குருவோடு ரஷ்யாவுக்குப் போனபோது அவளுக்குப் பதினெட்டு வயது. ஆக, செய்யச் சொன்னது ஒரு பெண், முகத்தைச் செய்தது ஒரு பெண், குதிரையில் போகிறவர் பீட்டர்.

நமக்குப் பக்கத்தில் உள்ள குதிரைச் சிலை சென்னைத் தீவுத்திடல் அருகே இருக்கிற மன்றோ. தாமஸ் மன்றோ 1827இல் காலராவில் இறந்த மதராஸ் கவர்னர். நிதி திரட்டி லண்டனில் பிரான்சிஸ் சான்ட்ரியிடம் செய்வித்து, கப்பலில் கொண்டுவந்து 1839இல் நிறுத்தினார்கள். சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. சிற்பி மறந்துபோனார் என்று ஒரு கதை உண்டு. அதுவும் மேடைக் கதைதான். சான்ட்ரி வேறு சிலைகளிலும் அப்படியே செய்திருக்கிறார். இன்று அந்தப் பக்கம் போகும் எத்தனை பேருக்கு மன்றோ யாரென்று தெரியும்? இடம் சொல்வதற்கு அவர் உதவுகிறார். ஆனாலும் அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது. குதிரைச் சிலையின் வேலையே அது. யார் என்று தெரியாதவரையும் நாம் கழுத்தை நிமிர்த்திப் பார்த்துவிடுகிறோம்.

தமிழ் படித்தவளுக்கு இந்த அண்ணாந்து பார்ப்பது புதிதில்லை. நம்மிடம் அதற்கென்றே ஓர் இலக்கிய வகை இருக்கிறது. உலா. தலைவன் யானைமேலோ குதிரைமேலோ தேரிலோ வீதியில் வருவான். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று ஏழு பருவத்துப் பெண்களும் வீதியோரம் நின்று அண்ணாந்து பார்த்து மயங்குவார்கள். வளை கழலும், மேகலை நழுவும். சோழர் மூவர்மேல் ஒட்டக்கூத்தர் பாடிய மூவருலாவில் அரசர்கள் யானையில் வருகிறார்கள். அந்த மூவரில் ஒருவனான இரண்டாம் ராஜராஜன் கட்டியதுதான் தாராசுரம். அங்கே மண்டபத்தையே தேராக்கிக் கல் சக்கரமும் கல் குதிரையும் பூட்டியிருக்கிறார்கள். மேலே ஒருவன், கீழே ஏழு பருவம். உலோகத்தில் வார்க்காத குறைதான், மற்றபடி உலா ஒரு முழுமையான குதிரைச் சிலை, பீடம் உட்பட. அந்தப் பீடம் பெண்களால் ஆனது. பேரிளம்பெண்ணுக்கு நாற்பது வயது என்பது பாட்டியல் கணக்கு. அதைத் தாண்டியவளுக்கு உலாவில் பெயர் கிடையாது. போன சில வருடங்களாக நான் அந்த வீதியிலிருந்து விடுதலை பெற்றவள்.

இன்னொரு குதிரையும் உண்டு, பனைமடலில் செய்வது. காதலியை அடைய முடியாதவன் பனங்கருக்கைக் குதிரைபோலக் கட்டி, எருக்கம்பூ சூடி, அதன்மேல் ஏறி ஊர்வீதிக்கு வருவான். மடலேறுதல். இது ஆணுக்கு மட்டும். எந்தத் திணையிலும் பெண் மடலேறுவது முறையன்று என்று தொல்காப்பியம் அகத்திணையியலில் தெளிவாக விலக்குகிறது. கடல்போல் காமம் இருந்தாலும் மடலேறாமல் பொறுக்கிறவள் பெண் என்று திருவள்ளுவர் அந்த விலக்கை ஒரு பெருமையாகவே ஆக்கிவைத்தார். பனைமடல் குதிரையிலேகூட நாம் ஏறக்கூடாது என்று இலக்கணமே இருந்த மொழி இது.

அதை மீறப்போவதாகச் சொன்ன பெண்குரல் ஒன்றே ஒன்று எனக்குத் தெரியும். அதுவும் காவிரிக் கடைமடையிலிருந்து வந்தது. சீர்காழிப் பக்கம் திருவாலி, திருநகரியைச் சேர்ந்த திருமங்கையாழ்வார் சிறிய திருமடல், பெரிய திருமடல் இரண்டிலும் பெண்ணாக நின்று, திருமாலுக்காக மடலேறியே தீருவேன் என்கிறார். பெண் மடலேறக்கூடாது என்ற தென்னாட்டு வழக்கைத் தான் ஏற்கவில்லை, வடநாட்டு நெறியே வேண்டும் என்றும் வாதாடுகிறார். படிக்கும்போது எனக்கு உற்சாகமாகத்தான் இருக்கும். ஆனால் பேசுகிறவர் ஆடல்மா என்ற குதிரையில் ஏறித் திரிந்ததாகக் கதை சொல்லப்படும் ஒரு குறுநில மன்னர். பெண் மடலேறுவதைச் சொல்வதற்கும் ஏற்கெனவே குதிரை வைத்திருந்த ஓர் ஆண் வேண்டியிருந்தது. அவளும் ஏறுவேன் என்கிறாளே தவிரப் பாட்டு முடியும்வரை ஏறுவதில்லை.

உண்மையான குதிரைக்கு வருவோம். சேற்றிலும் தேங்கிய நீரிலும் கிடக்கிற நெல் வயல் நாடு குதிரைக்கு ஏற்றதன்று. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் குதிரைகள் கடல்வழியாக வந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. அதாவது அன்றைக்கே அது இறக்குமதிச் சரக்கு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டியர் ஆண்ட இந்தக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இங்குள்ள அரசர்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஈராயிரம் குதிரைகளுக்கு மேல் வாங்குவதாகவும் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதினார். பராமரிக்கத் தெரியாதவர்கள், சோற்றோடு இறைச்சியைச் சேர்த்து வேகவைத்துக் குதிரைக்குப் போடுகிறார்கள் என்று அவருக்கு ஆச்சரியம். எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்டியிருக்கலாம், வியாபாரிதானே. எனக்கு அந்தச் சோறுதான் முக்கியம். குதிரைக்குக் கொட்டிய அரிசிக்கு யார் நாற்றுப் பறித்தார்கள், யார் நட்டார்கள், யார் குத்திப் புடைத்தார்கள்? நடவும் களையும் இன்றுவரை பெரும்பாலும் பெண் வேலை. அது குனிந்து செய்வது, பின்பக்கமாக நகர்ந்து செய்வது. சேற்றில் நிற்கிற பெண்ணையும் குதிரைமேல் இருக்கிறவனையும் ஒரே சட்டகத்தில் வைத்துப் பார்த்தால் அவன் எவ்வளவு உயரத்தில் இருந்திருப்பான் என்பது தெரியும். ஸ்ரீரங்கத்துச் சேஷராயர் மண்டபத்துத் தூண்களில் குதிரைகள் எழும்பி நிற்கின்றன, வீரர்கள் அவற்றின்மேல் இருக்கிறார்கள். பார்க்கப்போகிறவர்கள் குதிரையின் வயிற்றுக்குக் கீழே நிற்கிற சின்ன உருவங்களையும் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்று என் மாணவிகளிடம் சொல்வதுண்டு.

எங்கள் ஊர் எல்லைகளில் நிற்கிற அய்யனார் குதிரைகள் வேறு ரகம். அவற்றின் முதுகு பெரும்பாலும் காலியாக இருக்கிறது. அய்யனார் ராத்திரி வந்து ஏறிக் காவல் சுற்றிவருவார், பகலில் குதிரை காத்திருக்கும். டெல்டாவைத் தாண்டிப் புதுக்கோட்டை மாவட்டத்துக் குளமங்கலத்தில் பெரிய குதிரை ஒன்று உண்டு. மாசி மகத்துக்கு அதன் உடம்பே தெரியாதபடி காகிதப்பூ மாலை போடுகிறார்கள். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்ற பழமொழியில் வருவது குதிரையே இல்லை, மண் குதிர்தான், அதாவது ஆற்று மணல்மேடு என்று திருத்துகிற தமிழாசிரியர்கள் இருக்கிறார்கள். இருக்கலாம். வெயிலிலும் மழையிலும் கரைந்து வேளார் வீட்டுக்காரர்களால் மறுபடி செய்யப்படுகிற இந்தக் குதிரைகளை நான் மன்றோ குதிரையைவிட அதிகம் நம்புகிறேன். அவை யாரையும் அண்ணாந்து பார்க்கவைக்க வந்தவை அல்ல. ஆனால் ஒன்று: அய்யனார் குதிரையேறப் போகையில் பூரணையும் புட்கலையும் கோயிலில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பெண் ஏறிய குதிரைச் சிலைகள் உலகத்தில் இல்லாமலில்லை. கிளாஸ்கோவில் 1854இல் வைத்த விக்டோரியா ராணி சிலையில் அவர் இரண்டு கால்களையும் ஒரே பக்கம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். பேரரசே கையில் இருந்தாலும் ராணி காலை அகட்டி உட்காரக்கூடாது. ஆண் உடை போட்டதையும் குற்றமாகச் சொல்லி எரித்த ழான் தார்க்கைப் பாரிஸில் 1874இல் குதிரைமேல் ஏற்றினார்கள். நியூயார்க்கில் 1915இல் அவருக்கு வைத்த சிலையைச் செய்தவர் அன்னா ஹயாத் என்ற பெண் சிற்பி. வரலாற்றில் வாழ்ந்த ஒரு பெண்ணுக்கு அந்த நகரம் வைத்த முதல் சிலை அதுதான்.

இந்தியாவில் என்றால் ஜான்சி ராணி. குவாலியர், ஜான்சி, ஆக்ரா என்று ஊர் ஊராக வாளோடு பாய்கிறார். 1858 ஜூனில் குவாலியர் அருகே அவர் போரில் இறந்தது உண்மை, குதிரையில் வாளெடுத்துப் போரிட்டதும் உண்மை. ஆனால் சிலைகளில் முதுகில் கட்டியிருக்கும் குழந்தையைக் கவனியுங்கள். 1853இல் கங்காதர ராவ் சாகும் தறுவாயில் தத்தெடுத்த தாமோதர ராவுக்கு 1858இல் எட்டு ஒன்பது வயது இருக்கும். சிலைகளில் பலவற்றில் அவன் கைக்குழந்தையாகிவிடுகிறான். எட்டு வயதுப் பையனை முதுகில் கட்டிக்கொண்டு வாள் வீச முடியுமா என்று கேட்டால் தேசபக்தி இல்லாதவள் என்பார்கள். பெண் வாளெடுத்தால் அவள் தாயாகவும் இருந்தாக வேண்டும், அது கண்ணுக்குத் தெரியவும் வேண்டும். மன்றோ முதுகில் ஒரு குழந்தையைக் கட்டியிருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். மன்றோவுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள்.

சிலை இன்னொன்றையும் மறைக்கிறது. 1854இல் டல்ஹௌசி ஜான்சியை எடுத்துக்கொண்டபோது லட்சுமிபாய் முதலில் கையிலெடுத்தது காகிதம். மனுமேல் மனு எழுதினார். ஜான் லாங் என்ற வழக்கறிஞரை வரவழைத்துத் திரைக்குப் பின்னால் இருந்து ஆலோசனை கேட்டார். ஜான்சியைத் தரமாட்டேன் என்ற அந்தப் புகழ்பெற்ற சொல்லை அவர் சொன்னதாக லாங் பதிவுசெய்திருப்பது அந்தச் சந்திப்பில்தான். குதிரைமேல் இல்லை, வக்கீலிடம். ஆண்டுக்கணக்காக எழுதிய மனுக்களுக்குச் சிலை இல்லை, கடைசி மாதங்களுக்குத்தான் சிலை.

நம் வேலு நாச்சியாருக்கும் இதே கதி. 1772இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டது முதல் 1780இல் சிவகங்கையை மீட்டது வரைக்கும் எட்டு வருடம். விருப்பாச்சியில் ஒளிந்திருந்தது, ஹைதர் அலியிடம் படையுதவி கேட்டது, பாளையக்காரர்களைச் சேர்த்தது, மகளை வளர்த்தது எல்லாம் அதில் அடக்கம். சுவரொட்டியில் அவர் அந்த எட்டு வருடமும் குதிரையைவிட்டு இறங்கவே இல்லை.

சில வருடங்களுக்கு முன் நான் பணிபுரியும் கல்லூரியில் மகளிர் தினத்துக்கு வரலாற்று நாயகிகள் வேடப் போட்டி வைத்தார்கள். வந்த ஒன்பது பேரில் ஆறு பேர் கையில் அட்டை வாள். நான்கு பேர் முதுகில் பொம்மை. ஒருத்தி தெருக்கூத்துக்காரரிடம் கேட்டுப் பொய்க்கால் குதிரைக் கூடு ஒன்றை இடுப்பில் மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. பொய்க்கால் குதிரையாட்டம் எங்கள் தஞ்சாவூர்ச் சரக்கு, மராட்டியர் காலத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். ராஜாவும் ராணியும் ஜோடியாக ஆடுவார்கள். கட்டைக் காலில் ராணி தானே குதிரையையும் சுமந்துகொண்டு ஆடுவதால் எனக்குப் பிடித்த குதிரையேற்றம் அது. வேடம் கலைத்தபின் அந்தப் பெண் கேட்டாள்: “ஏன் மேம், நம்ம தஞ்சாவூர்ல இப்பிடி ஒரு ராணிகூட இல்லையா?” அவள் அம்மா திருவாரூர்ப் பக்கம் நடவுக்குப் போகிறவர். கேள்வியில் ஒரு ஏக்கம் இருந்தது. ஜான்சிக்கு இருக்கிறது, சிவகங்கைக்கு இருக்கிறது, நமக்கு ஏன் இல்லை?

இருந்தார். குதிரை ஏறவில்லை.

பெயர் காமாட்சி பாய். தஞ்சையின் கடைசி மராட்டிய அரசர் இரண்டாம் சிவாஜியின் மூத்த ராணி. சிவாஜி, சரபோஜியின் மகன். 1799 உடன்படிக்கையிலேயே நாட்டின் ஆட்சி கம்பெனிக்குப் போய்விட்டது. கோட்டையும் பட்டமும் ஓய்வூதியமும்தான் அரசரிடம் மிஞ்சியிருந்தன. 1855 அக்டோபரில் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். ஜான்சிக்கு நேர்ந்தது, அடுத்த வருடமே, அதே டல்ஹௌசி காலத்தில், தஞ்சைக்கும் நேர்ந்தது. அரசு முடிந்தது என்று கம்பெனி அறிவித்தது. அதோடு நிற்கவில்லை. 1856 அக்டோபரில் ஃபோர்ப்ஸ் என்ற அதிகாரி படையோடு அரண்மனைக்கு வந்து அறைகளுக்கு முத்திரை வைத்துக் காவல் போட்டார். நகை, பாத்திரம், நிலம், அரசரின் சொந்தச் சொத்து என்று எதையும் பிரித்துப் பார்க்கவில்லை. உள்ளே இருந்தவர்கள் பெண்கள். கணவரை இழந்த ராணிகள் பலர். அவர்களில் கடைசிக் காலத்தில் மணந்த சின்னஞ்சிறு பெண்களும் உண்டு.

காமாட்சி பாய் மதராஸ் சுப்ரீம் கோர்ட்டில் கம்பெனிமேல் வழக்குப் போட்டார். ராஜ்ஜியத்தைக் கேட்கவில்லை. கணவரின் தனிச்சொத்து அவர் மனைவியைச் சேரும், அதை எடுக்க உனக்கு என்ன உரிமை என்று கேட்டார். இதன் கூர்மையை நாம் இன்னும் சரியாக மதிக்கவில்லை என்று நினைக்கிறேன். வடக்கே துப்பாக்கி வெடித்துக்கொண்டிருந்த வருடங்களில், இங்கே விதவை ஒருத்தி வெள்ளைக்காரனின் நீதிமன்றத்தில், வெள்ளைக்காரனின் சட்டத்தில், வெள்ளைக்காரனைப் பிரதிவாதியாக நிறுத்தினார். ஜெயிக்கவும் செய்தார். மதராஸ் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

கம்பெனி லண்டனுக்கு மேல்முறையீடு போனது. அதற்குள் 1858 வந்து கம்பெனி ஆட்சியே போய், வழக்கில் இந்தியாவுக்கான அரசுச் செயலர் மேல்முறையீட்டாளரானார். 1859இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பைத் திருப்பியது. லார்ட் கிங்ஸ்டவுன் சொன்னதன் சாரம் இது: சொத்தை எடுத்தது ஓர் அரசின் செயல், அது நியாயமா அநியாயமா என்று பார்ப்பது எங்கள் வேலையன்று, தவறே நடந்திருந்தாலும் அதற்கு எந்த நீதிமன்றத்திலும் பரிகாரம் கிடையாது. இதைப் படித்தபோது எனக்குக் கோபத்தைவிட வியப்பே வந்தது. தவறு நடக்கவில்லை என்று அவர்கள் சொல்லவில்லை. சொல்ல முடியாத இடத்துக்கு அவர் அவர்களைக் கொண்டுபோயிருக்கிறார். வாளால் அந்த இடத்துக்கு ஒருவரைக் கொண்டுபோக முடியாது. சிலையாவதற்கு அது போதாது என்பது வேறு.

வழக்குத் தோற்றபின் சில ஆண்டுகளில் அரசு, கருணை என்ற பெயரில், தனிச்சொத்தின் பெரும்பகுதியை ராணிகளுக்குத் திருப்பிக் கொடுத்தது. கருணை வருவதற்கு ஒரு வழக்கு தேவைப்பட்டது. அரண்மனைக்குள் இருந்த சரசுவதி மகால் நூலகம் பின்னர் 1918இல் பொதுமக்களுக்குத் திறந்தது. முனைவர் பட்டத்துக்காக நான் அங்கே சுவடிகளோடு உட்கார்ந்திருந்த மாதங்களில் காமாட்சி பாயின் பெயரை யாரும் என்னிடம் சொல்லவில்லை. சரபோஜியின் பெயரைத் தினமும் கேட்டேன். அவர் சலவைக் கல்லில் அரண்மனையில் நிற்கிறார், ஃப்ளாக்ஸ்மன் செய்தது, கைகூப்பியபடி. அந்த மண்டபத்துக்குப் போகும் வழியிலிருந்த அறைகளின் முத்திரைகளை எதிர்த்து வழக்காடியவருக்கு ஒரு படம்கூட மாட்டியிருந்ததை நான் பார்க்கவில்லை.

அரச குடும்பத்துப் பெண்களைத் தஞ்சாவூர் முழுக்க மறந்தது என்றும் சொல்ல முடியாது. நினைவு வேறு இடத்தில் இருக்கிறது. ஒரத்தநாட்டில் 1802இல் சரபோஜி ஏற்படுத்திய முக்தாம்பாள் சத்திரம், நீடாமங்கலத்து யமுனாம்பாள் சத்திரம் என்று மராட்டியர் சத்திரங்கள் பலவற்றுக்குப் பெண்களின் பெயர். முக்தாம்பாள் பட்டத்து ராணியுமில்லை, சரபோஜி முறையாக மணம் செய்துகொண்டவரும் இல்லை. ராமேஸ்வரம் போகிற வழிப்போக்கர்களுக்கு இந்தச் சத்திரங்களில் சோறு கிடைத்தது. நோயாளிகளுக்கு மருந்தும் ஆதரவற்ற பிள்ளைகளுக்குப் பாடமும் வழியில் பிரசவமான பெண்களுக்குப் பராமரிப்பும் உண்டு என்று 1801இல் சரபோஜி கம்பெனி ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம் விவரிக்கிறது. ஆண் நினைவுக்குக் குதிரை, பெண் நினைவுக்குச் சோறு என்று இதைப் பழிக்கவும் செய்யலாம். பெயர் வைத்தவர் அரசர், சமைத்தவர்கள் பெயர் எங்கும் இல்லை, அதுவும் சரி. ஆனாலும் பிரசவ வலியெடுத்தவளுக்கு மன்றோ சிலையின் நிழல் எதற்கும் உதவாது. என் ஓட்டு சத்திரத்துக்குத்தான்.

பூம்புகாரில் புறப்பட்ட கண்ணகி மதுரைவரை நடந்தே போனாள். மெரினாவில் 1968இல் வைத்த சிலையிலும் காலூன்றித்தான் நிற்கிறாள். 2001இல் அவளை இரவோடு இரவாக எடுத்துவிட்டு 2006இல் மறுபடி வைத்தார்கள். 1943இல் சிங்கப்பூரில் கேப்டன் லட்சுமி தலைமையில் சேர்ந்த ஜான்சி ராணிப் படையில் மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்கள் பெயரில்தான் குதிரைக்காரி, அவர்கள் போனது கால்நடையாக. மணலூர் மணியம்மை இந்த டெல்டாவிலேயே தலைமயிரைக் கத்தரித்து, வேட்டி சட்டை போட்டு, சிலம்பம் கற்று, கூலிப் பெண்களுக்காகப் பண்ணையார்களை எதிர்த்தவர். 1953இல் மான் முட்டி இறந்தார். ராஜம் கிருஷ்ணன் அவரை நாவலாக்கினார். இவர்களுக்கெல்லாம் ஒரு குதிரை வாங்கிக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அடுத்த மகளிர் தினத்தில் ஒருத்தியாவது கையில் மனுவோடு மேடையேறினால் நன்றாக இருக்கும் என்று மட்டும் அந்தப் பொய்க்கால் குதிரைப் பெண்ணிடம் சொன்னேன். “கைதட்ட மாட்டாங்க மேம்” என்றாள்.

காமாட்சி பாய் முற்றிலும் அழிந்துபோகவில்லை. மூர் தொகுத்த இந்திய மேல்முறையீடுகளின் 7ஆம் தொகுதியில் அவர் வழக்கு அச்சாகியிருக்கிறது. அரசின் செயல் என்றால் என்ன என்ற கேள்விக்கு இந்தியாவில் சட்டம் படிக்கும் பிள்ளைகள் இன்றும் எழுத வேண்டிய பதில் அவர் வழக்குத்தான். ஆங்கிலேயக் குமாஸ்தாக்கள் தம் காதில் விழுந்தபடி எழுதிய எழுத்தில் ‘பாய்’ என்பது ஆங்கிலத்தில் பையனைக் குறிக்கும் சொல்லைப் போலவே தெரியும். என்னிடம் இளங்கலைத் தமிழ் படித்துவிட்டு இப்போது சட்டம் படிக்கும் ஒருத்தி போன மழைக்காலத்தில் வீட்டுக்கு வந்திருந்தாள். பரீட்சைக்கு அந்த வழக்கை மனப்பாடம் செய்திருந்தாள், ஆண்டு, தீர்ப்பு, நீதிபதி பெயர் எல்லாம். நான் ‘அவர் சிவாஜியின் மூத்த ராணி’ என்றதும் பேனாவைக் கீழே வைத்தாள்.

“பொம்பளையா மேம்? நாங்க கிளாஸ்ல எல்லாருமே அவன் அவன்னுதான் எழுதிட்டிருக்கோம்.”

முத்திரை வைத்த அரண்மனை எது என்று அடுத்துக் கேட்டாள். கல்லூரிக்குப் போக அவள் தினமும் பஸ் மாறுகிற தஞ்சைப் பழைய பேருந்து நிலையத்திலிருந்து நடந்துபோகிற தூரம்தான்.